கீழமாசி வீதி அண்ணாச்சியின் காலை அரைமணி: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறவர். வயது 53, எடை 84 கிலோ, வீடு வில்லாபுரம். அப்பாவுக்கும் மூத்த அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் இவருக்கு 6.3 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆகிவிட்டால் நோய் என்பது கணக்கு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'பார்டர்'. மருத்துவர் மாத்திரை எழுதாமல், சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று என்னிடம் அனுப்பினார். சர்க்கரை நோய்க்கான ஒரு சின்ன மையத்தில் ஆலோசனை சொல்வது என் வேலை. இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார், ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடையில் எல்லாரும் கூப்பிடுவது போல நானும் அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

இவரைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், சுமார் பத்து சதவீதம் பேர் பார்டரில். அதனால் அண்ணாச்சியின் நோயில் புதுமை ஒன்றும் இல்லை. அவரிடம் என்னை யோசிக்க வைத்தது வேறு. வந்து உட்கார்ந்ததுமே, "தம்பி, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும், நீங்க சொல்ல வேண்டாம். ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கேட்டுப் பார்த்தால் உண்மையிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொன்றாகத் தொடங்கி ஒவ்வொன்றாக விட்டிருந்தார்.

விட்டுப்போனவை

பெரிய முயற்சி தெப்பக்குளம். ஒரு ஜனவரி முதல் தேதி, ஷூ, டிராக் பேன்ட், கையில் கட்டும் கடிகாரம் எல்லாம் வாங்கி, நண்பர்கள் நாலு பேரோடு விடிகாலை ஐந்தரைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நல்ல இடம், காற்று வரும், நடக்கிற கூட்டமும் இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் கடை அடைத்து இவர் வீடு சேர ராத்திரி ஒன்பதே முக்கால், சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை. ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் தூக்கத்தில் பிடுங்க வேண்டும். எழுந்தபிறகும் வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டும். நடை முடிந்ததும் கடையில் ஆளுக்கு இரண்டு மெதுவடை, ஒரு டீ, அரைமணி அரசியல். மூன்று கிலோமீட்டர் நடந்தால் அவர் எடைக்குச் சுமார் நூற்றெழுபது கலோரி போகும், இரண்டு வடையும் சீனி போட்ட டீயும் அதைவிடத் தாராளமாகவே திருப்பிக் கொடுத்துவிடும். கடைசியில் அந்தக் குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவர் மகள் கல்யாணம் என்று போக, மாசி பிறப்பதற்குள் நடை நின்றது. வடைக் கூட்டம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அப்புறம் வெந்தயத் தண்ணீர், கொய்யா இலைக் கஷாயம், ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழ், வாட்ஸ்அப்பில் வந்த இன்னும் சில. அவற்றை விரித்து எழுதத் தேவையில்லை.

வீட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: "அவருக்கு மன உறுதி கிடையாது." அவர் மனைவி (எனக்கு அக்கா) சொன்னார், மகன் சொன்னான், இவரும் அதை நம்பிவிட்டார். நான் நம்பவில்லை, காரணம் சபரிமலை.

அண்ணாச்சி பல வருடமாகக் கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர். மண்டல விரதம் 41 நாள் என்பது கணக்கு, இவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் விடியற்காலை பச்சைத்தண்ணீர்க் குளியல், காலில் செருப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, ராத்திரி பலகாரம் மட்டும், அதுவும் அளவாக. தெப்பக்குளத்துக்கு ஐந்து மணிக்கு எழ முடியாத அதே மனிதர் நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டுச் சரணம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இவரிடம் மன உறுதி இல்லை என்று யார் சொல்வது?

ஆனால் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும். எட்டு மணிக்கு எழுவார், ராத்திரி பரோட்டா சால்னா வரும். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். '21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, இவர் வருடா வருடம் அதைப் போல் இரு மடங்கு செய்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை. அந்த 21 நாள் கதையின் மூலமே வேறு. 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அதில் 'குறைந்தது' கழன்றுபோய், முகம் போய், பழக்கம் என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாட்கள் ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போயின, நடுவில் நிற்கிற எண் 66. (12 வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், போகிற போக்கை வைத்துக் கணித்தது.) அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது நாள் கணக்கு இல்லை. அந்த ஆட்கள் எல்லாரும் தங்கள் புதுச் செயலை, தினமும் எப்படியும் நடக்கிற இன்னொன்றோடு கட்டிக்கொண்டார்கள், மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீர், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் என்கிற மாதிரி.

சபரிமலை விரதத்தில் அண்ணாச்சியை எழுப்பிவிட்டது கழுத்தில் கிடந்த மாலை. சுற்றியிருந்தவர்களும் 'சாமி, சாமி' என்று கூப்பிட்டு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள், வீட்டில் சமையலே மாறியிருந்தது. மாலை இறங்கியதும் அத்தனையும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. விரதம் முடிவதற்காகவே வைக்கப்பட்டது, அதைக் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க இருக்க வேண்டிய ஒன்றுக்கு, வருடம் முழுக்க அவர் கழற்ற முடியாத மாலை ஒன்று வேண்டியிருந்தது.

ஷட்டர்

அப்படி எது இருக்கிறது என்று அவருடைய ஒரு நாளை உட்கார்ந்து எழுதினோம். தேறியவை இரண்டு: கடை திறப்பது, டீ.

காலை ஒன்பதுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சாவியைக் கடைப்பையனிடம் கொடுப்பார். ஷட்டரைத் தூக்கி, கூட்டி, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, சாம்பிராணி போட்டு, மூட்டைகளை முன்னால் இழுத்து வைக்க அரைமணி ஆகும். அதுவரை அண்ணாச்சி வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு முதல் டீயைக் குடிப்பார். வியாபாரிகள் வருவது ஒன்பதரைக்கு மேல். அந்த அரைமணியில் அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, உண்மையைச் சொன்னால் பையனுக்கு இடைஞ்சல்.

அதனால் திட்டம் இப்படி ஆனது: சாவியைக் கொடுத்த கையோடு, உட்காராமல், அம்மன் சன்னதித் தெரு வழியாகப் போய், மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளை இரண்டு சுற்று. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும், வண்டி வாகனம் கிடையாது. போக வர எல்லாம் சேர்த்து அரைமணிக்குள் முடிந்துவிடும். வேட்டி சட்டையோடு, கால் செருப்போடு. ஷூ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், ஷூவை மாட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில் மனம் மாறிவிடும். வாரத்தில் ஆறு நாள் கடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது கேட்கிறது, இது அதைத் தொட்டுவிடும்.

'காலையில் நடப்பேன்' என்பதும் 'பையன் கையில் சாவியைக் கொடுத்ததும் சித்திரை வீதிக்குத் திரும்புவேன்' என்பதும் கேட்க ஒன்று போலத் தெரியலாம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே பல வருடம் ஆராய்ந்தவர். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், ஆசை மட்டும் வைத்திருந்தவர்களைவிட நன்றாகவே செய்து முடித்தார்கள். இடம் இல்லாதது நம் ஊரில் பிரச்சினையே இல்லை. அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையே குறித்துக் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் அண்ணாச்சியை அங்கே கொண்டுபோய் விட இன்னொரு மாலை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கூச்சம். தெரிந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, கடைய விட்டுட்டு இங்க சுத்துறீங்க" என்று கேட்டார்கள். "சாமி கும்பிட வந்தேன்" என்று சமாளித்திருக்கிறார். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வதால் அது பொய்யும் இல்லையாம்.

டீ டம்ளர்

டீயில்தான் எனக்கு நிறைய கற்றுக்கொள்ள இருந்தது. நாளைக்கு ஏழு டீ. அதில் ஒன்றுதான் வீட்டில், மிச்சம் ஆறும் கடையில். மாதக் கணக்கில் பக்கத்து டீக்கடையிலிருந்து வரும். 'சீனி கம்மி' என்று சொல்லிப் பார்த்தாரா? சொன்னார், பல தடவை. ஆனால் டீ மாஸ்டருக்குக் கீழமாசி வீதி முழுக்கக் கணக்கு, கொண்டு வருகிற பையன் மாதத்துக்கு ஒருவன். நாளைக்கு ஆறு தடவை ஞாபகமாகச் சொல்ல வேண்டிய ஒன்று மூன்றாம் நாளே தளர்ந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வந்த வியாபாரிக்கு டீ சொல்லிவிட்டுத் தான் குடிக்காமல் இருந்தால் மரியாதை இல்லை. அதனால் டீயைக் குறைக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் இந்தத் தெருவில் எடுபடாது, நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் கடையிலிருந்த எலக்ட்ரானிக் தராசில், மாஸ்டர் போடுகிற அளவிலேயே ஏழு டீக்கான சீனியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எண்பது கிராமுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், முடிந்தால் 25-க்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் மனக்கணக்கு வேறு மாதிரி ஓடியது. "மாசம் ரெண்டு கிலோ சீனியா! ஒரு குடும்பத்துக்கு ரேஷன்ல தர்ற அளவாச்சே!" மொத்த வியாபாரிக்குக் கிலோவில் சொன்னால்தான் உறைக்கிறது.

செய்தது சின்ன மாற்றம்தான். வீட்டிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய் டீக்கடையிலேயே வைத்தார். அந்த டம்ளரில் வருவது கல்லா டீ, அதற்கு முதல் பதினைந்து நாள் அரை ஸ்பூன், அப்புறம் சீனியே இல்லை என்று மாஸ்டரிடம் ஒரே ஒரு தடவை பேசினார். மாஸ்டர் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, அண்ணாச்சி சொல்ல வேண்டியதில்லை, பையன் மாறினாலும் டம்ளர் மாறாது. கண்ணாடி கிளாஸைவிட அது சின்னது என்பதால் டீயின் அளவும் பாதிக்கு வந்தது. வந்தவரோடு சேர்ந்து குடிப்பது அப்படியே இருக்கிறது. முதல் பத்து நாள் 'கஷாயம் மாதிரி இருக்கு' என்று திட்டிக்கொண்டே குடித்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சாதாரண டீயை வாயில் வைத்துவிட்டுப் பாயசமா என்று கேட்டிருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டை நான் தொடவே இல்லை. 'ரெண்டு சப்பாத்தி மட்டும்' என்று அவர் முன்பு போட்ட சட்டம் தோற்றதற்குக் காரணம் பசி, சாயங்கால வடைக்குப் பின் பத்து மணிவரை வயிறு காய்கிறது. அக்கா மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு டப்பா சுண்டலும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார், ஆறு மணி டம்ளர் டீ வரும்போது டப்பா திறக்கும். பருப்புக் கடைக்காரருக்குக் கொண்டைக்கடலைக்கும் பாசிப்பயறுக்கும் பஞ்சமா? ராத்திரி அளவு தானாகக் குறைந்தது.

அல்வா விஷயத்தில் சமரசம்தான். விளக்குத்தூண் பக்கத்து நெய் அல்வாவை விடச் சொன்னால் என்னையே விட்டுவிடுவார். எனவே, வேண்டுமென்றால் நடந்துபோய் அங்கேயே நின்று சூடாகச் சாப்பிடலாம், பார்சல் வீட்டுக்கு வரக்கூடாது. இது ஓரளவு நடக்கிறது, முழுசாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அறுந்த இடங்கள்

சித்திரைத் திருவிழா வந்தது. வெளியூர்க் கூட்டம், மாசி வீதிகளில் சாமி புறப்பாடு, தேர், கடை திறப்பதே தாறுமாறு. நடை இரண்டு வாரத்துக்கு மேல் அடியோடு நின்றது. லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்று வந்தது, இங்கே ஒரு நாள் இல்லையே. தெப்பக்குளம் போல இதுவும் போயிற்று என்றுதான் வீட்டில் பேச்சு. ஆனால் அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, கடை பழைய நேரத்துக்கு வந்த முதல் திங்கட்கிழமை, சாவியைக் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தேடினாராம். பையன், "என்ன அண்ணாச்சி, நடக்கப் போகலையா" என்று கேட்டிருக்கிறான். கோபம் வந்தாலும் போய்விட்டார். வெயில் காலம் என்பதால் நிழல் ஓரமாக, சில நாள் ஒரே சுற்று. ஒரு சுற்றையும் சுற்று என்றே கணக்கில் எடுத்துக்கொள்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம், முழுசாகச் செய்ய முடியாவிட்டால் செய்யவே வேண்டாம் என்கிற எண்ணந்தான் இவரைப் போன்றவர்களை முன்பெல்லாம் கவிழ்த்திருக்கிறது.

தீபாவளி வியாபாரத்தில் இன்னொரு முறை அறுந்தது. அதுவும் அதே மாதிரி, கடை நேரம் சீரானதும் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்றுவரை தேறவில்லை. கடை இல்லை, சாவி இல்லை, நடை இல்லை. மகன் இதைக் குறையாகச் சொன்னான். நானோ இந்த ஆய்வில் கிடைத்த நல்ல சான்று இதுதான் என்று நினைக்கிறேன். உடம்பின் மேல் புதிதாக வந்த அக்கறைதான் அவரை நடக்க வைக்கிறது என்றால் ஞாயிறும் நடந்திருப்பார். வெளியூர் போனாலும் இதே கதை.

எண்கள்

ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு ஹெச்பிஏ1சி 5.9, எடை 79. இன்னும் பார்டர்தான், ஆனால் 6.5-லிருந்து விலகிப் போகிற பார்டர். இதில் நடையின் பங்கு எவ்வளவு, சீனியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை, எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடங்கினோம். ஒரே ஆள், ஒப்பிட வேறொருவர் இல்லை. திசை மட்டும் புதிதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு பார்டரில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி மாற்றம் மட்டுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். 2013-ல் அதே குழு, ஆண்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் தொடர்ந்து அனுப்பியே 36 சதவீதம் குறைத்துக் காட்டியது. அண்ணாச்சிக்கும் அப்படி அனுப்பலாமே என்று கேட்டவர்களுக்கு: அவர் போனில் 'காலை வணக்கம்' படங்களே தினமும் நூறு வருகின்றன, என் செய்தியை அதில் யார் தேடுவது.

அக்கா

இந்த ஆய்வை எழுதும்போதுதான் அக்காவையும் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். 6.1. "அவருக்குச் சொன்ன மாதிரி எனக்கும் ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றார். அதே முறையில் அவருடைய நாளையும் எழுதிப் பார்த்தோம். அண்ணாச்சிக்கு அந்த அரைமணி கிடைத்தது பையன் கடையைத் திறந்து வைப்பதால். அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. காலை ஐந்தரையிலிருந்து பேரனைப் பள்ளி வேனில் ஏற்றி, மகனுக்கு டிபன் கட்டி, அண்ணாச்சியின் சுண்டலை வேகவைப்பது வரை ஒன்றின் மேல் ஒன்று. அண்ணாச்சியின் ஆரோக்கியத்துக்காக அக்காவுக்குத்தான் ஒரு வேலை கூடியிருக்கிறது, அதை நான் அவரிடமும் அண்ணாச்சியிடமும் வெளிப்படையாகவே சொன்னேன்.

கிடைத்த ஒரே இடம் சாயங்காலம் ஐந்து மணி. பேரனை டியூஷனில் விட்டுவிட்டு, முடியும்வரை அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு பேசியபடியே நடக்கச் சொல்லியிருக்கிறேன். சுண்டலை ஊறவைத்து வேகவைக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் மருமகள் எடுத்துக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படி அண்ணாச்சி பொறுப்பு என்றும் பேசியிருக்கிறோம். இதில் இரண்டாவதை அண்ணாச்சி தலையாட்டி ஒப்புக்கொண்டார், அக்கா சிரித்தார். அடுத்த பரிசோதனை ஆவணியில்.